கடைசி வருஷத்துப் படங்கள்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. ஒரு படம்கூடத் தொலையவிடமாட்டார் என்று அங்கே பேர். வீட்டிலும் அப்படித்தான். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவார். ஏற்றியதும் போனிலும் கேமராவிலும் இருப்பதை அழித்துவிடுவார். ஞாயிறு காலையில் இன்னொரு டிஸ்க்கையும் மாட்டிப் பொத்தானை அழுத்தினால், முதல் டிஸ்க்கில் இருப்பதுபோலவே இரண்டாவதும் ஆகிவிடும்; முதலில் இல்லாதது இரண்டாவதிலிருந்தும் போய்விடும்.

"உங்க தம்பி என்னையும் ஒரு நகல் எடுத்து வெச்சாத்தான் நிம்மதியா தூங்குவார் போல, அண்ணி," என்று மனைவி அவருடைய அக்காவிடம் கேலி செய்வாள்.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மகள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். வாண்டு என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் படங்களைத் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையை மட்டும் விடவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோக்களை ஏற்றினார். பொத்தானை அழுத்தினார்.

ஒரு நாள் வாண்டுவின் டீச்சர் போன் செய்தார். பள்ளி மலருக்கு அவள் படம் வேண்டுமாம். குரூப் போட்டோவில் திரும்பி நிற்கிறாளாம். மனசைக் கல்லாக்கிக்கொண்டு டிஸ்க்கைத் திறந்தார். வாண்டுவின் ஃபோல்டர் இல்லை. இரண்டாவதை மாட்டினார். அதிலும் இல்லை.

மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

"நான்தாங்க அழிச்சேன்."

அவர் திரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எப்போ?"

"அவ போய் மூணு மாசத்துல. நீங்க வேலைக்குப் போனதும் தினமும் போட்டுப் பாப்பேன். பாத்தா சோறு இறங்காது, பாக்காம இருக்கவும் முடியாது. ஒரு நாள் பைத்தியம் பிடிச்ச மாதிரி அழிச்சுட்டேன். இன்னொண்ணுல இருக்கும்னு நினைச்சேன். நீங்கதான் எல்லாத்தையும் ரெண்டா வெப்பீங்களே."

இரண்டாவதை அழித்தது தன்னுடைய ஞாயிற்றுக்கிழமைதான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் கத்தினார். "என் பிள்ளையை இன்னொரு தடவை கொன்னுட்டியே!"

அவள் அழவில்லை. "பத்திரமாத்தான் வெச்சிருந்தீங்க. ஒரு நாளாவது தொறந்து பாத்தீங்களா? என்னையாவது பாத்தீங்களா?"

மறுநாள் இரண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு டேட்டா மீட்டுத் தரும் கடைக்குப் போனார். கடைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். "அழிச்ச உடனே வந்திருந்தா எடுத்திருக்கலாம் சார். அது மேல நிறைய வீடியோ ஏத்தியிருக்கீங்களே."

விஷயம் தெரிந்ததும் அக்காவிடமிருந்து போன். "டேய், வீடு மாறினப்போ ஒரு டப்பாவை என்கிட்ட குடுத்தியே, வயரோட. அதுவா பாரு."

அவர் மறந்தே போன பழைய டிஸ்க் அது. இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அக்கா வீட்டு மேசையில் மாட்டியதும் வாண்டு வந்தாள். தொட்டிலில், குளியல் வாளிக்குள், அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாளோடு படங்கள் நின்றுவிட்டன.

"அந்தப் பல் விழுந்த படம்..." என்றார்.

"அது போன வருஷங்க. இதுல இல்ல."

மகளைப் பறிகொடுத்த அன்றுகூட அவர் அழவில்லை. இப்போது மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அவர் முதுகில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"விழுந்த பல்லைக் கையில வெச்சுக்கிட்டு உங்க ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தா," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "அப்பாகிட்டதான் மொதல்ல காட்டணும்னு ஒரே அடம்."

"நான் வேலையா இருக்கேன்னு திருப்பி அனுப்பிட்டேன்," என்றார் அவர்.

அன்று சாயங்காலம் அந்தப் பழைய டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் நகல் எடுக்க உட்கார்ந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணை அண்ணி வீட்டுலயே வெச்சிடுங்க. என் கைக்கு எட்டாத இடத்துல இருக்கட்டும். எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல."

அவர் தலையசைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, அவளுக்கு இடம் விட்டார்.