கோத்திரம் மாறிய ரத்தம்

"ரத்தமா? எங்காத்து ரத்தமா?"

காபியை ஆற்றிக்கொண்டிருந்த வெங்கடசுப்பிரமணியனின் கை பாதியில் நின்றது. எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர் பாக்கியசீலன். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஹெட்மாஸ்டரிடம் பிரம்படி வாங்கியவர். இப்போது இடுப்பில் துப்பாக்கி இருந்தும், குரல் மட்டும் இன்னும் ஏழாம் வகுப்பு பெஞ்சை விட்டு எழுந்து வரவில்லை.

"உங்க வீட்டுல மட்டுமில்ல சார்வாள். தெருவுல எல்லார் வீட்டுலயும்தான் கேக்குதோம். ஊசி குத்துத மாதிரிதான் இருக்கும்."

"பூணூல் மாத்திண்டு அஞ்சு நாள் ஆகலை. இப்பப் போய் ரத்தம் சிந்தணுமா? நன்னாயிருக்குடா நீ கேக்கறது."

அடுக்களை நிலையைப் பிடித்தபடி மகள் பாகீரதி கேட்டுக்கொண்டிருந்தாள். போன வெள்ளிக்கிழமைதான் அப்பா சுதந்திரப் பொன்விழாக் கொடியேற்றி, இந்தியர் அனைவரின் நாளங்களிலும் ஓடுவது ஒரே ரத்தம் என்று நாற்பது நிமிஷம் பேசிவிட்டு வந்தார். அந்த ஒரே ரத்தத்தில் கொஞ்சம் கொடு என்று கேட்டால் அது வேறு ரத்தமாகிவிடும் போலிருக்கிறது.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. சித்திரை மாதம், உச்சி வெயிலில், அந்த வீட்டுக் கொல்லைத் தொழுவத்தில் வடிவம்மாள் கழுத்து நெரிபட்டுக் கிடந்தாள். பதினோரு வருஷமாக அங்கே சாணி அள்ளி, புல் போட்டு, மாடு கறந்துகொண்டிருந்தவள். சாவதற்கு முன் கையிலிருந்த பண்ணரிவாளை அவள் ஒரு வீச்சு வீசியிருந்தாள். முந்தானையில் தெறித்திருந்த ரத்தம் அவளுடையது இல்லை.

போலீஸ் உடனே ஆளைப் பிடித்துவிட்டது. மேலப்பாளையம் ஷேக் மைதீன், சைக்கிளில் துணி மூட்டை கட்டி விற்கிறவர். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் "சேலை, துண்டு" என்று கூவியது அவர் செய்த குற்றம். போதாததற்கு, வடிவம்மாள் இருந்த காலனியில் நாற்பத்திரண்டு ஆண்களை வேப்பமரத்தடியில் வரிசையாக நிறுத்தி ரத்தம் எடுத்தார்கள். பூணூல், திவசம், சர்க்கரை வியாதி என்று அவர்களிடம் யாரும் விசாரிக்கவில்லை. கையை நீட்டுலே என்றார்கள், நீட்டினார்கள். அத்தனையும் ஐஸ் பெட்டியில் ஹைதராபாத்துக்குப் போயிற்று. டி.என்.ஏ. என்று ஒரு சோதனை வந்திருக்கிறதாம், ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துக்கொண்டு ஆளையே சொல்லிவிடுமாம்.

சொல்லிவிட்டது. நாற்பத்திரண்டு பேரும் இல்லை, ஷேக் மைதீனும் இல்லை, முகம் தெரியாத வேறு ஒருவன்.

சரி, வேறு ஒருவன் என்றால் ஷேக் மைதீனை விட வேண்டாமா? அங்கேதான் சட்டத்தின் நுட்பம். அந்த வேறு ஒருவன் கிடைக்கும்வரை இவராவது இருக்கட்டும் என்று பாளையங்கோட்டை ஜெயிலிலேயே வைத்திருந்தார்கள். வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அவருடைய மனைவி அலிமா பீவி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எங்க வீட்டு ஆளு ரத்தம் இல்லன்னு அவுகளே எழுதிட்டாகளே டீச்சரம்மா, பொறவு என்னத்துக்கு உள்ள வச்சிருக்காக?"

"வேற ஆள் கிடைக்கணுமாம்."

"கெடைக்கலன்னா?"

பாகீரதி ஜூவாலஜி டீச்சர். எத்தனையோ கேள்விக்குக் கரும்பலகையில் படம் வரைந்து பதில் சொன்னவள். இதற்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள். பதில் தெரியாததால் இல்லை.

வடிவம்மாள் செத்த அன்று சாயங்காலம், தம்பி சுந்தர்ராமன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அக்கினி நட்சத்திரத்தில் முழுக்கைச் சட்டை. குளியலறை முழுக்க டெட்டால் வாடை. "கண்ணாடி குத்திடுத்து" என்றாள் அம்மா மஹாலக்ஷ்மி, மகள் முகத்தைப் பார்க்காமல். வீட்டில் எந்தக் கண்ணாடியும் உடைந்திருக்கவில்லை. மறுநாளே அவனுக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. அவன் எதற்காக நடுப்பகலில் தொழுவத்துப் பக்கம் போவான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வடிவம்மாள் மாடு கறக்க வரும்போது மகளையும் துணைக்கு அழைத்துவர ஆரம்பித்ததும் அதனால்தான். அன்றைக்குத் தனியாக வந்துவிட்டாள்.

"சுந்தர் ஊர்லயே இல்லையே," என்றார் வெங்கடசுப்பிரமணியன், கூடத்தில் இன்ஸ்பெக்டரிடம்.

"பரவால்ல சார்வாள். ஆளு இல்லன்னா ரத்த சம்பந்தம் உள்ளவங்க யாராவது ஒருத்தர் குடுத்தாப் போதும்னு ஹைதராபாத்துல எழுதியிருக்கான். நீங்களே குடுக்கலாம்."

"நாளைக்குச் சொல்றேன்," என்று ஹெட்மாஸ்டர் வகுப்பைக் கலைத்தார்.

அன்று சாயங்காலமே அவருக்கு வழி கிடைத்துவிட்டது. அதைத் தேடி அவர் வெளியே போகவும் வேண்டியிருக்கவில்லை; அவரே எழுதி வைத்திருந்தார். 'கோத்திரமும் குரோமோசோமும்' என்று பதினாறு பக்கத்தில் அவர் ஒரு பிரசுரம் போட்டிருந்தார். இரண்டு வருஷமாகத் தெருவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாம்பூலப் பையில் தேங்காயோடு அதுவும் இருக்கும். தேங்காயை எடுத்துக்கொண்டு புத்தகத்தை மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போகும் நன்றிகெட்டவர்களும் இருந்தார்கள். கன்னிகாதானத்தின்போது, தாரை வார்த்த அந்தக் கணத்தில், பெண்ணின் ரத்தம் புகுந்த வீட்டுக் கோத்திரத்துக்கு மாறிவிடுகிறது என்று அதில் ஒன்பதாம் பக்கத்தில் நிரூபித்திருந்தார். அச்சுப்பிழை திருத்திய பாகீரதி, "எப்படிப்பா மாறும்?" என்று கேட்டாள். "மந்திரத்தாலே" என்று ஒரே வார்த்தையில் விஞ்ஞானத்தை முடித்துவைத்தார்.

"பாகீரதியைக் குடுக்கச் சொல்லிடறேன்," என்று பூஜை அறையில் அவர் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னது, பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மகளுக்கு நன்றாகவே கேட்டது. "அவ இப்போ கௌண்டின்யம். நாம ஸ்ரீவத்ஸம். அவ ரத்தத்தைக் காய்ச்சி வடிகட்டினாலும் கும்பகோணத்துச் சம்பந்தி வீடுதான் வரும், நம்மாத்துது வராது. குடுக்க மாட்டேன்னுட்டோம்கற பேரும் இல்லை."

மஹாலக்ஷ்மி ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அவள் சம்மதம் அப்படித்தான் பதிவாகிக்கொண்டிருந்தது.

பாகீரதிக்கு இது புதிதில்லை. புருஷன் செத்துப்போய், ஆறு வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் அந்த வீட்டில் வேற கோத்திரம். தாத்தா திவசத்தில் அடுப்பைத் தொடக்கூடாது, வேற கோத்திரம். சித்தப்பா இறந்தபோது வீட்டில் எல்லோருக்கும் பத்து நாள் தீட்டு, அவளுக்கு மட்டும் ஒன்றரை நாள். தீட்டு இல்லாதவள் என்பதால் மீதி எட்டரை நாளும் கடைக்குப் போவது, மருந்து வாங்குவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. அழுகைக்கு மட்டும் சாஸ்திரம் நாள் குறிக்கவில்லை. அதனால் சித்தப்பாவுக்காக வேண்டிய மட்டும் அழுதுகொள்ள முடிந்தது.

அப்பா கூப்பிட்டார். "நாளைக்கு நீ கையை நீட்டு. நம்மாத்துப் பிரதிநிதியா."

"அப்பா, கூடப்பொறந்தவா ரத்தம்னா அதுல..."

"நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். உனக்கும் இந்தாத்து ரத்தத்துக்கும் சம்பந்தம் விட்டுப்போய்ப் பன்னெண்டு வருஷமாச்சு. சொன்னதைச் செய்."

பாகீரதி வாயை மூடிக்கொண்டாள். பெற்றவர் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவருவதை ஒரு தடவையாவது மதித்து நடப்போமே என்று தோன்றியது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. சுந்தர் ஐந்து வயதில் அவள் இடுப்பில் ஏறிக்கொண்டு ஆற்றுக்கு வந்தவன். ஆனால் வடிவம்மாளுக்கும் ஒரு மகள் இருந்தாள், இப்போது தனியாக மாடு கறக்கப் போகிறாள்.

மறுநாள் கையை நீட்டினாள். வீட்டு வரிசைப்படி குப்பியில் ஒன்பது என்று நம்பர் ஒட்டினார்கள்.

ஹெட்மாஸ்டரின் யுக்தி மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிற்று. கல்யாணமாகி வந்திருந்த பெண், வாழாமல் திரும்பிய பெண், பிரசவத்துக்கு வந்திருந்தவள் என்று வீட்டுக்கு ஒரு வேற கோத்திரம் வாசலுக்கு வந்தது. பதினோரு குப்பியில் எட்டு, பெண்கள் ரத்தம். பெண்ணுக்கு இத்தனை முன்னுரிமை கொடுத்த தெரு ஜில்லாவிலேயே வேறு இருந்திருக்காது.

கார்த்திகையில் அறிக்கை வந்தது. இந்தத் தடவை பாக்கியசீலன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எதிர்வீட்டு வக்கீலும் மோப்பம் பிடித்து வந்திருந்தார்.

"முந்தானையில இருந்த ரத்தம், ஒன்பதாம் நம்பருக்குக் கூடப்பொறந்தவனோடதுன்னு எழுதியிருக்கான் சார்வாள்."

"ஒன்பதாம் நம்பர் யாரு?"

"உங்க மக."

வெங்கடசுப்பிரமணியன் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "தப்பு. சுத்தத் தப்பு. அவ கௌண்டின்ய கோத்திரம்டா! சுந்தருக்கு அவ எப்படிக் கூடப்பொறந்தவ ஆவா?"

"கோத்திரம் பாக்குத மெஷின் அங்கன இல்லையாம் சார்வாள். பொறப்புதான் பாக்குதாங்க. பம்பாய்க்கு நம்ம ஆளுக நேத்தே கெளம்பிட்டாங்க. மேலப்பாளையத்துக்காரர விடச் சொல்லிக் கோர்ட்டுல எழுதிக் குடுத்தாச்சு."

சிரிப்பு மெல்ல இறங்கியது. ஹெட்மாஸ்டர் மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்பா."

"தெரிஞ்சுண்டா கையை நீட்டினே?"

"சொல்ல வந்தேன். சம்பந்தம் விட்டுப்போச்சுன்னேள்." பாகீரதி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அந்தக் காகிதத்துல எனக்கு ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா? நான் இந்தாத்துல பொறந்தவள்னு ஒருத்தர் முத்திரை குத்தி எழுதிக் குடுத்திருக்கறது இதுதான் முதல் தடவை."

வக்கீல் ஹெட்மாஸ்டரைக் கூடத்து மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவரை கேட்கும்.

"ஓய், ஒரே வழிதான் இருக்கு. பாகீரதி உமக்குப் பொறக்கலைன்னு ஒரு அஃபிடவிட் போடும். அறிக்கை அப்படியே ஆட்டம் கண்டுடும். சந்தேகத்தோட பலன் பையனுக்கு."

'சீ' என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அதற்கு மந்திரம்கூடத் தேவையில்லை. பாகீரதி அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கடசுப்பிரமணியன் கண்ணை மூடித் திறந்தார்.

"கோர்ட்டுல அது நிக்குமாங்காணும்?" என்று கேட்டார்.

அடுக்களையிலிருந்து மஹாலக்ஷ்மி வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று, கை நரம்பு தெரியும்படி வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"பாக்கியசீலா, எழுதிக்கோ. அன்னிக்கு எந்தக் கண்ணாடியும் உடையலை. அவன் கையில இருந்தது அரிவாள் வெட்டு, நான்தான் கட்டுப்போட்டேன். எம்பொண்ணு யாருக்குப் பொறந்தான்னு வேற இவாளுக்கு இப்போ சந்தேகம் வந்திருக்கு. என் ரத்தத்தையும் எடுத்துண்டு போ. இடது கையா, வலது கையா?"

வெங்கடசுப்பிரமணியன் அவசரமாக யோசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் என்ன கோத்திரம் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.