எஞ்சினியர் பேரைச் சொல்லலாமா?

ஏற்காடு ஒண்டிக்கடை பஜாரில் சையத் இப்ராஹிமின் மளிகைக்கடை டிவியில் அந்த முகத்தைப் பார்த்ததும், மாதேஸ்வரன் உப்புப் பாக்கெட்டோடு கல்லாவைத் தாண்டி உள்ளேயே போய்விட்டார்.

"பாய், இவரு நம்ம எஞ்சினியருங்க!"

"எந்த எஞ்சினியரு? அவரு ஈராக்குல துணைப் பிரதமரு. புது சர்க்காரு. பேரு தில்ஷாத்தாம். எங்க சின்னம்மா பேரு அது."

"அவரேதானுங்க. மலைப்பாதையில தடுப்புச்செவுரு கட்டறப்ப அவருக்கு அளவுகோல் புடிச்சவன் நானு."

இப்ராஹிம் நம்பவில்லை. ஆனால் நடந்தது அதுதான். சேலத்துக்குப் படிக்க வந்த தில்ஷாத், படிப்பு முடிந்ததும் கான்ட்ராக்டரிடம் எஞ்சினியராகச் சேர்ந்து மலையேறினார். கூலிக்காரர்களோடு உட்கார்ந்து களி தின்றார். காலில் கல் விழுந்தால் தன் பாஷையில் திட்டினார். மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டிக்கொண்டு தன் கதையைச் சொல்வார். அவர் ஈராக்கின் வடக்கு மலைகளில் வாழும் குர்து இனம். அவர்கள் சனமும் மலைச்சனம்தான். விமானத்தில் வந்து அவர் ஊரைக் கொளுத்தியது வேறு யாருமில்லை, அந்த நாட்டுப் பட்டாளமேதான். "பாஸ்போர்ட்ல ஈராக்குன்னு இருக்கு மாதேசு. அது என் நாடு இல்ல" என்பார். ஒரு ஐப்பசியில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். அந்தச் சர்க்காரை எதிர்த்துச் சண்டை போடத் தன் ஊர் மலைக்குள் போய்விட்டார் என்று மேஸ்திரி சொன்னார்.

அந்த மனிதர்தான் இப்போது தலை வழுக்கையாகி, மீசையில்லாத முகத்தோடு, அதே நாட்டுக் கொடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"ஊரைக் கொளுத்துனவன் ஊட்டுக்கே எப்படிங்க பெரியவராப் போனாரு?"

"அந்த ஆட்சி கவுந்துருச்சுண்ணா. இப்ப எல்லாக் கட்சியும் சேர்ந்து உக்காந்திருக்குது" என்றார் குவைத்தில் வேலை பார்த்து வந்த இப்ராஹிம். மாதேஸ்வரனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது. அவர் மகன் கந்தசாமி அந்த நாட்டில்தான் இருக்கிறான். ரோடு போடும் கம்பெனி முகாமில் சமையல் வேலை. பாஸ்போர்ட் முதலாளி கையில். முகாமைச் சுற்றித் துப்பாக்கிச் சத்தம். ஊருக்கு விடு என்றால் முதலாளி விடமாட்டேன் என்கிறான்.

எஸ்டேட்டில் கிடந்து வளர்ந்தவருக்கு ஒரு வழி தெரியும். பக்கத்து எஸ்டேட் வாட்ச்மேன் பிடித்தால், இன்ன துரையோட ஆளு என்று சொன்னால் போதும், கையை விட்டுவிடுவான். மாதேஸ்வரனே பலமுறை அப்படித் தப்பியவர். அடுத்த தடவை மகன் இப்ராஹிம் கடைக்குப் போன் போட்டபோது கத்தினார்: "எங்கப்பன் தில்ஷாத் எஞ்சினியரோட ஆளுன்னு உங்க முதலாளிகிட்டச் சொல்லு சாமி!"

மனைவி லட்சுமி போனைப் பிடுங்கி, "பயப்படாம உரக்கச் சொல்லு கண்ணு" என்றாள்.

அதோடு போன் நின்றுபோனது.

பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்ராஹிம் எங்கெங்கோ விசாரித்துத் தில்ஷாத்தின் கட்சி ஆபீஸ் நம்பரைப் பிடித்தார். இவர் அரபியில் பேசினால் அந்தப் பக்கம் சிடுசிடுத்தார்கள். "நாட்டுப் பாஷை அதுதாங்க, அவரு ஆபீசுல அதைப் பேசுனா கோவிச்சுக்கறாங்க" என்று குழம்பினார். 'மாதேசு, ஏற்காடு' என்று மட்டும் குறித்துக்கொண்டார்களாம்.

ஒரு சந்தை நாளில் போன் வந்தது.

"மாதேசு, கோலை இப்பவாவது நேராப் புடிக்கறியா?"

எஞ்சினியரின் குரலேதான். "அய்யா, எம் பையன் அங்க மாட்டிக்கிட்டானுங்க. நீங்க ஒரு வார்த்தை..."

"எந்த ஊர்?"

சொன்னார். எஞ்சினியர் பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "அந்தப் பக்கமெல்லாம் சர்க்காரை எதிர்க்கறவங்க கையில இருக்கு. அங்க என் வார்த்தை செல்லாது. என் பேரைச் சொன்னா சுட்டுருவாங்க. பேரே எடுக்க வேண்டாம்னு பையன்கிட்டச் சொல்லு."

"நீங்கதானுங்களே நாட்டுக்குப் பெரியவரு?"

"ஆமா."

"அப்பறமென்னுங்க?"

"அதுதான் மாதேசு."

"அது உங்க நாடே இல்லைன்னீங்களே அய்யா?"

சிரிப்பா இருமலா தெரியவில்லை. "இப்பவும் சரியாத் தெரியல. நான் எந்திரிச்சா வேற எவனாவது வந்து மறுபடியும் கொளுத்துவான். அதனால உக்காந்திருக்கேன்." யாரோ கூப்பிட, போன் அறுந்தது.

விஷயத்தைக் கேட்ட லட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்த புள்ளையக் காவு குடுக்க உங்க வாயே போதுமுங்க" என்றவள், அன்று முதல் அவரோடு பேசவில்லை. உரக்கச் சொல்லு என்று தானும் சொன்னதை நினைத்து நினைத்துச் சோறும் இறங்கவில்லை. இருவரும் தங்கள் ஊரான வாழவந்தியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, கடை வாசலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

காப்பிப் பழம் எடுக்கும் சமயத்தில் கந்தசாமியின் குரல் கேட்டது.

"அப்பா, நாந்தானுங்க!"

"சாமி! அந்தப் பேரைச் சொல்லிப்போட்டியா?"

"சொன்னேனுங்க. ஒருத்தனும் நம்பல. முதலாளி உழுந்து உழுந்து சிரிச்சான். 'மந்திரி சம்பந்தி'ன்னு பேரே வெச்சுட்டானுங்க. போன எடுத்தா மந்திரிக்குப் போடறியான்னு கேலி பண்ணிப் புடுங்கி வெச்சுக்கிட்டாங்க."

"அப்பறம்?"

"சண்டை கிட்ட வந்துச்சு. முதலாளி ஓடிட்டானுங்க. நாங்க லாரி ஏறி வடக்க மலைக்கு வந்துட்டோம். இங்க செக்போஸ்ட்டுல பாஸ்போர்ட் இல்லாம விடமாட்டேங்கறாங்க."

"வேற நாடா?"

"அதே நாடுதானுங்க. ஆனா கொடி வேற. எல்லாம் குர்து ஆளுங்க. அப்பா, இங்க அவரு பேரைச் சொல்லலாமுங்களா?"

மாதேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. அவர் சனம்தானே? சொல் என்று வாயெடுத்தவர் நிறுத்தினார். "செவுத்துல யாரு படமாச்சும் மாட்டியிருக்குதா?"

"இருக்குதுங்க. தலையில துணி கட்டுன பெரியவரு. பெரிய மீசை."

டிவியில் பார்த்த முகம் அதுவல்ல. இப்ராஹிம் குரலைத் தாழ்த்தினார். "அவங்களுக்குள்ளயே ரெண்டு கட்சிண்ணா. முன்னால ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டவங்க."

"சொல்லச் சொல்லுங்க" என்றாள் லட்சுமி. உடனே, "ஐயோ, வேண்டாமுங்க."

"அப்பா, கூப்புடறாங்க. என்ன சொல்ல?"

மாதேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். "யாரு பேரும் எடுக்காத சாமி. சமையக்காரன்னு மட்டும் சொல்லு."

போனை அவன் அணைக்கவில்லை. முரட்டுக் குரல்கள். ஏதோ உருளும் சத்தம். யாரோ கேட்டார்கள், அவன் ஏதோ சொன்னான். பிறகு சிரிப்பு. என்ன சிரிப்பென்று தெரியாமல் மூவரும் போனில் காதை வைத்து நின்றார்கள்.

"அப்பா! இவங்க சமையக்காரன் ஓடிப்போயிட்டானாம். கரண்டியக் கையில குடுத்துட்டாங்க."

"உள்ள உட்டாங்களா, இல்லையா?" என்றாள் லட்சுமி.

"சமையக்கட்டு உள்ளதானம்மா இருக்குது."

மாதேஸ்வரன் இப்ராஹிமைப் பார்த்தார். "அப்ப அவன் இப்ப யாரோட ஆளுங்க பாய்?"

"உசுரோட இருக்கற ஆளு" என்ற லட்சுமி கையை நீட்டினாள். "போன இங்க குடுங்க."