ஒருத்தியைத் தவிர

அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டுகள் வந்து இறங்கியதும், மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். என் முதல் துப்பறியும் நாவல். பதிப்பகங்கள் எல்லாம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிப் பார்க்காமலே விட்டன. கடைசியில் நானே பதிப்பாளர், நானே விற்பனையாளர், நானே போஸ்டர் ஒட்டுகிற ஆள் என்று இறங்கிவிட்டேன். அன்று மாலை நூலகத்தின் மாடி அரங்கில் வெளியீடு.

ஒரு பிரதியை உருவி முகர்ந்து பார்த்தேன். பின்னட்டையைத் திருப்பினேன்.

‘அந்த வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியைத் தவிர.’

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் எழுதியது ‘ஒருவரைத் தவிர’.

இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் தமிழில் ஒரு மர்மக் கதை எழுதிப் பார்க்கட்டும். வந்தான் என்றால் ஆண், வந்தாள் என்றால் பெண். கொலை செய்த ஆள் கதவைத் திறப்பதற்குள் வினைமுற்று முந்திக்கொண்டு குட்டை உடைத்துவிடும். அதற்குப் பயந்துதான் நாவல் முழுக்க ‘உருவம் வந்தது, உருவம் நின்றது, கை நீண்டது’ என்று நாக்குத் தள்ள எழுதியிருந்தேன். கதையில் சாகிறவர் ஒரு வீட்டுப் பெரியவர். சந்தேகம் அவருடைய மகன்கள் மேல், டிரைவர் மேல், டாக்டர் மேல். அந்த வீட்டில் இருக்கிற ஒரே பெண் மருமகள். யாருமே சந்தேகப்படாத, எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மருமகள். பின்னட்டையில் ‘ஒருத்தி’ என்று போட்டால், அவள் படத்தைப் போட்டு இவள்தான் என்று அம்புக்குறி வரைந்த மாதிரி.

அச்சகத்துக்குப் போன் போட்டு, “யாரைக் கேட்டு மாத்துனீங்க?” என்று கத்தினேன்.

“நாங்க எதுவும் மாத்தலைங்க. கடைசி ப்ரூஃப்ல உங்க வீட்டுப் பெரியவர்தான் திருத்திக் குடுத்தாரு. கையெழுத்துகூடப் போட்டிருக்காரு” என்றார் அச்சகக்காரர்.

வீட்டுப் பெரியவர் என்றால் என் மாமனார். பத்திரிகை ஒன்றில் காலமெல்லாம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டார், ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார். தன் கையால் போன பக்கத்தில் ஒரு பிழைகூட வந்ததில்லை என்பதுதான் அவருடைய ஆயுள் பெருமை. நான் கொலைக் கதை எழுதுவதில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் இந்த முறை ப்ரூஃபை அவரே கேட்டு வாங்கினார். கொடுத்துவிட்டு நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். ஏனென்றால் நாவலில் மருமகள் கொல்வது சொந்த மாமனாரை. அதுவும் எதற்கெடுத்தாலும் குறை கண்டுபிடிக்கிற ஒரு மாமனாரை. இவர் படித்து முடித்துவிட்டு, “ஆச்சும்மா” என்றார். அவ்வளவுதான்.

கொலைக் கதை எழுதுகிறவளுக்குச் சும்மா இருக்க வருமா? உடனே நோக்கம் தேட ஆரம்பித்துவிட்டேன். மனுஷர் தன்னை அந்தக் கிழவராகப் பார்த்துக்கொண்டாரா? என்னைக் கொன்றாயா, இரு, உன் கதையைக் கொல்கிறேன் என்று கணக்குத் தீர்த்துவிட்டாரா? அடுத்த அறையில் அவர் செய்தித்தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். என் கணவரின் தங்கை. எங்கள் குடும்பத்தில் அவளுக்குத் தண்டோரா என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தின் விளம்பரம் முழுக்க அவள் பொறுப்பு.

“அண்ணி, பதறாதீங்க. ஸ்டிக்கர் அடிச்சு அந்த வார்த்தை மேல ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “ஆனா ஒண்ணு. அச்சகத்துல பின்னட்டைப் படம் அனுப்புனாங்க. அதை நேத்தே வாசகர் வட்டத்துல போட்டுட்டேன்.”

“படிச்சுப் பாக்காமலா போட்டே?”

“கலர் நல்லா இருந்துச்சு அண்ணி.”

துப்பறியும் கதை வாசகர் வட்டம் என்பது லேசுப்பட்ட கூட்டமில்லை. அதன் செயலாளரை எல்லோரும் மோப்பக்காரர் என்றுதான் சொல்வார்கள். பாதிக் கதைக்குள் குற்றவாளியைப் பிடித்து, அதை ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவர் ‘தெரிஞ்சுபோச்சு’ என்று உதட்டைப் பிதுக்கிவிட்டால் வட்டத்தில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைத் தொட மாட்டார்கள். என் மாதிரி தனியாகப் புத்தகம் போடுகிறவளுக்கு அந்த வட்டத்தை விட்டால் வேறு நாதியில்லை. இந்தப் புத்தகம் விழுந்தால் இன்னொன்று எழுத எனக்குத் தெம்பு இருக்காது. அது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அரங்கின் பின்னால் இருந்த சின்ன அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஸ்டிக்கர் ஒட்டினோம். எத்தனை பிரதி என்று எண்ணிப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. ஒட்ட ஒட்டத்தான் இன்னொரு பயம் வந்தது. ஒரு வரியில் ஒரே ஒரு வார்த்தை மேல் வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தால் எந்த மனிதனுக்கு நகம் சும்மா இருக்கும்?

“என்னம்மா ஒட்டுறீங்க?”

மாமனார் வாசலில் நின்றார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. உள்ளே வந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அவருடைய நகமும் சும்மா இருக்கவில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். நாத்தனார் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி நழுவிவிட்டாள்.

“ஒருவர்னு மாத்திட்டியா? தப்பும்மா அது. கொன்னது பொண்ணுன்னு நமக்குத் தெரியுது. தெரிஞ்ச அப்புறம் எதுக்குப் பொதுவா ஒருவர்னு போடணும்? ஒருத்திதான் சரி.”

காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது. “நமக்குத் தெரியும் மாமா. படிக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது! கடைசிப் பக்கத்துலதானே தெரியணும்? என் மேல கோபம்னா நேரா திட்டியிருக்கலாமே. அந்தக் கிழவர் நீங்கதான்னு நெனச்சுத்தானே இப்படிப் பண்ணீங்க?”

அவர் என்னை விழித்துப் பார்த்தார். உண்மையாகவே புரியாத பார்வை.

“நானா? அந்த ஆளு மகனுக்குக் கடிதம் எழுதுறானே, வரிக்கு வரி ஒற்றுப் பிழை. நீ வேணும்னே அப்படி எழுதியிருக்கேன்னு நான் கை வைக்காம விட்டேன். அவன் எப்படிம்மா நானா இருக்க முடியும்?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பின்னட்டையை மறுபடி படித்தார். இந்த முறை வாசகனாகப் படித்தார் போலிருக்கிறது. முகம் மெல்ல வெளுத்தது. “ஐயோ” என்று மட்டும் சொன்னார். புத்தகத்தை வைத்துவிட்டு அரங்குக்குள் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

வெளியீடு ஆரம்பித்தது. நான் என்ன பேசினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண் முழுக்க மூன்றாவது வரிசையில் இருந்தது. மோப்பக்காரர் முதல் சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, மடியில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கேள்வி நேரம் என்று அறிவித்ததுதான் தாமதம், எழுந்துவிட்டார்.

“நேத்து வந்த படத்துல ஒருத்தின்னு இருந்துச்சு. இன்னைக்கு அதை மூடி ஒருவர்னு ஒட்டியிருக்கீங்க. வீட்டுல இருக்கிறது ஒரே பொம்பளைன்னு முதல் அத்தியாயத்திலேயே சொல்றீங்க. அப்போ மருமகதானே? இனி எதுக்கு நாங்க மிச்சத்தைப் படிக்கணும்?”

அரங்கில் சிரிப்பு எழுந்தது. யாரோ கையிலிருந்த பிரதியை மேஜையில் திரும்ப வைத்தார்கள். பக்கம் பக்கமாகப் பொய் எழுதத் தெரிந்தவளுக்கு அந்த நேரத்தில் சின்னதாக ஒரு பொய் வரவில்லை.

முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. மாமனார் எழுந்து திரும்பினார்.

“இதுக்கு நான் பதில் சொல்லணும். பிழை திருத்துனது நான். ஒருத்திங்கிறது பிழை.”

“நீங்களா?” என்றார் மோப்பக்காரர். மாமனாரின் பெருமை அவருக்கும் தெரியும். “உங்க கையிலயா பிழை வந்துச்சு?”

“வந்துச்சு.” மாமனார் அரங்கத்தைப் பார்த்துப் பேசினார். “வயசாயிடுச்சு. முழுக்கதையும் படிக்கல. மருமகதான் இருக்கும்னு உங்களை மாதிரியே நானும் முந்திரிக்கொட்டையா முடிவு பண்ணி, அவங்களைக் கேக்காம மாத்திட்டேன். அப்புறம்தான் கடைசிவரைக்கும் படிச்சேன். ஏன் மாத்துனோம்னு ஆயிடுச்சு. எழுதுனவங்க போட்டது ஒருவர். ஒருவர்னா யாரா வேணும்னாலும் இருக்கலாம். வாங்கிப் படிச்சுப் பாருங்க.”

சிரிப்பு நின்றது. மோப்பக்காரர் யோசனையோடு பின்னட்டையைப் பார்த்தார், பிறகு புத்தகத்தைத் திருப்பி முதல் பக்கத்தைத் திறந்தார். மேஜைக்குத் திரும்பிய பிரதியை வேறொரு கை எடுத்தது.

நான் மேடையை விட்டு இறங்கி மாமனாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பின்வரிசையில் ஒருவர், “பாவம், பெரியவருக்குக் கண் போச்சு போல” என்று சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

மாமனார் என் பக்கம் சாய்ந்தார்.

“இலக்கணப்படி ஒருத்திதாம்மா சரி” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.