அகராதியின் வலது கை

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவருக்கு 'அகராதி' என்று பட்டப்பெயர் வந்ததற்கு இரண்டு காரணங்கள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். இரண்டாவது காரணத்தை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். "அகராதி பிடிச்ச மனுஷன்" என்று அவள் சொல்லும்போது புத்தகத்தை நினைத்துச் சொல்வதில்லை.

அவளுக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் அவரோடு ஒழுங்காகச் சண்டை போட முடியாது. "உங்களால என் வயிறு எரியுது" என்று ஆரம்பித்தால், "ஏன் வயிறுன்னு சொல்றோம்? பசியும் அங்கதான் எரியுது, ஆத்தாமையும் அங்கதான் எரியுது. நம்மாளுங்க ரெண்டுக்கும் ஒரே அடுப்பு வச்சிருக்காங்க" என்பார். ஹீட்டர் முன்னால் அவள் உட்கார்ந்தால், "குளிர் காயுறதுன்னு சொல்றோம் பாரு, துணியில ஈரம் காயுற மாதிரி உடம்புல ஏறின குளிர் காயுது" என்பார். வேலை சூடு பிடிப்பதும் இஸ்திரிப் பெட்டியிலிருந்து வந்ததுதான் என்று சாதிப்பார். ஆதாரம் கேட்டால் பெட்டியைக் காட்டுவார்.

அப்படிப்பட்டவரின் வலது மணிக்கட்டைக் கடைக் கதவின் உடைந்த கண்ணாடி கிழித்துவிட்டது. நரம்பைத் தைத்தார்கள். விரல்கள் மடங்கின, நீண்டன. ஆனால் எதைத் தொட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. சூடும் குளிர்ச்சியும் பிரித்துத் தெரிகிறவரை பெட்டியின் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். கடையில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார்கள். அகராதி வாயே திறக்கவில்லை. வீட்டிலும் ஒரு சொல்லுக்கும் பொருள் சொல்லவில்லை. அந்த அமைதிக்குத்தான் அவள் இத்தனை வருடம் ஏங்கினாள்; கிடைத்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் அந்தத் திருட்டு வேலைக்குத் துணிந்தாள். கைக்குப் பயிற்சி தருகிற பெண் மாதம் ஒருமுறை அவரைச் சோதிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். வெந்நீர் அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாயும் ஐஸ் தண்ணீர் அடைத்த குழாயும் மாறி மாறி விரலில் படும். எது என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்ற மனைவி, வெந்நீர் என்றால் தொண்டையைச் செருமினாள். ஐஸ் என்றால் சும்மா இருந்தாள். பேசி வைத்ததல்ல, ஆனாலும் இரண்டாம் செருமலிலேயே மனிதர் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம் அண்ணே! அடுத்த மாசமும் இப்படியே சொன்னீங்கன்னா பெட்டியைத் தூக்கலாம்" என்றாள் அந்தப் பெண். "அக்கா, உங்க தொண்டையைக் கொஞ்சம் கவனிங்க."

வீட்டுக்கு வந்த குஷியில் அகராதி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தை வலது கையால் பிடித்து இறக்கினார். முகம் சுளிக்கவில்லை. மனைவி அலறிய பிறகுதான் குனிந்து கையைப் பார்த்தார். விரல்களில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. மருந்து தடவும்போது அவள் அழுதாள். பாத்திரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை, சுட்டது தன் செருமல்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

இனிச் செருமாமல் நின்றால் போதுமா? போதாது. குருட்டாம்போக்கில் சொல்லித் தப்பித்தாலும் தப்பித்துவிடுவார். பெட்டியில் கை வெந்து போவதைவிடச் சோதனையில் தோற்பதே மேல் என்று முடிவு கட்டினாள். அவரிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த சோதனைக்குள் கொப்புளம் ஆறியிருந்தது. அவர் கண்ணை மூடினார். வெந்நீர்க் குழாய் விரலில் பட்டது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அகராதியின் நெற்றி சுருங்கியது. "சூடு" என்றார்.

ஐஸ் குழாய் வந்தது. அவள் பலமாகச் செருமினாள்.

"இது... ஐஸ்."

மறுபடியும் ஐஸ். அறையே அதிரச் செருமினாள்.

"ஐஸ்தான்" என்றவர், கண்ணைத் திறக்காமலே உடைத்துப் பேசிவிட்டார். "ஏம்மா, இவ செருமினா சூடுன்னு அர்த்தம். போன தடவை அதை வச்சுத்தான் சொன்னேன். இன்னைக்கு எல்லாம் தப்புத்தப்பா செருமுறா. கல்யாணம் ஆனதுலேருந்து நான் இவ பேச்சைத் தட்டினதில்ல. ஆனா நிஜமாவே சில்லுன்னு இருக்கும்மா. எனக்குத் தெரியுது!"

பயிற்சிப் பெண் இருவரையும் முறைத்தாள். "அக்கா, நீங்க வெளிய இருங்க."

கதவு மூடிக்கொண்டது. அவள் கதவில் காதை வைத்தாள். சூடு. ஐஸ். சூடு. சூடு. ஐஸ். ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் கதவு திறந்தது.

"ஒண்ணுகூடத் தப்பில்ல. அண்ணன் பெட்டியைத் தூக்கலாம்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து முழங்கினாள்: "எல்லாரும் கேட்டுக்குங்க! எங்க வீட்டுக்காரருக்குச் சூடு சொரணை வந்துடுச்சு!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. "அக்கா, அது திட்டுற வார்த்தையாச்சே!" என்றாள் பயிற்சிப் பெண்.

"இல்லாதவனைத்தானேம்மா திட்டுவாங்க! சொரணைன்னா உணர்ச்சி. சூடு பட்டா தோலுக்குத் தெரியணும், சொல்லு பட்டா மனசுக்குத் தெரியணும். தோல்லேருந்துதான் அந்த வார்த்தை மனசுக்குப் போயிருக்கு" என்றாள் மனைவி.

அகராதி திருத்துவதற்காக வாயைத் திறந்தார். திருத்த ஒன்றும் அகப்படவில்லை. தைத்த கையால் அவள் கையைப் பிடித்தார்.

"ஏன்டி, உன் கை ஏன் இப்படிச் சில்லிட்டுப் போயிருக்கு?" என்றார்.