வளைவில் இறங்குபவர்

அண்ணன் தலைப்பக்கம் பிடிக்க, சவக்கிடங்குக் காவலாளி கால்பக்கம் பிடிக்க, அப்பாவை வண்டியில் கிடத்தினார்கள். அச்சு முனகிற்று. பலகை தாழ்ந்தது. குதிரை திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா ஏறும் கனம் அதற்குத் தெரியும்.

"பின்னாடி வெளக்கு இல்லையேப்பா. பனி வேற எறங்குது," என்றார் காவலாளி.

"உடைஞ்சு போச்சுங்க," என்றான் அண்ணன்.

வண்டியில் விளக்கை என்றுமே மாட்டியதில்லை. மாட்டினால் மூட்டை மறைக்கிறது என்று அப்பா அதைக் கையிலேயே வைத்திருப்பார். பாலம் தாண்டி வரும் வளைவில் இறங்கி, சிவப்புக் கண்ணாடி லாந்தரைப் பிடித்தபடி வண்டிக்குப் பின்னால் நடப்பார். அவர் இறங்கும்வரை குதிரை நிற்கும். பலகை லேசானால் தானே நடக்கும். நேற்று மாலை அங்கேதான் லாரி அவரை அடித்தது. வண்டியில் ஒரு கீறல் இல்லை.

தங்கை அப்பாவின் காலடியில், வண்டியின் பின்விளிம்பில் உட்கார்ந்தாள்.

"வேற வழியா போலாமாண்ணே?"

"வேற வழி எங்க இருக்கு? ஆத்துல ஓட்டவா?"

பாலம் வந்தது. பனியில் சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

"நான் எறங்கிப் பின்னாடி வர்றேண்ணே. வெள்ளைத் துண்டை ஆட்டிக்கிட்டே."

"பேசாம உக்காரு. ஒருத்தரை ஏத்திட்டு வந்தது போதும்."

வளைவில் குதிரை நின்றது.

அண்ணன் கடிவாளத்தை உதறினான். நகரவில்லை. சாட்டைக் கம்பால் தட்டினான். காது மட்டும் பின்னால் திரும்பியது. அதே நேரம் பனிக்குள் எங்கோ லாரிச் சத்தம் கேட்டது.

"நடடா. நட ராசா. உன் கால்ல விழறேன்."

சத்தம் பாலத்தின்மேல் ஏறியது. அவள் துண்டை எடுத்துக்கொண்டு ஒரு காலைக் கீழே போட்டாள். அண்ணன் எட்டி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். இருவரும் அப்படியே இருந்தார்கள்.

அச்சு முனகிற்று. பலகை மேலெழுந்தது.

அவள் இறங்கவில்லை. அண்ணனும் இறங்கவில்லை. அப்பாமேல் போர்த்திய துணி போர்த்தியபடி இருந்தது. குதிரை நடக்கத் தொடங்கியது.

லாரியின் வெளிச்சம் பனியை மஞ்சளாக்கிக்கொண்டு வந்தது. வந்த வேகம் சட்டென்று தணிந்தது. நெடுநேரம் அது அவர்கள் பின்னாலேயே ஊர்ந்தது. பிறகு விலகிக் கடந்தது. வண்டிக்கு வேண்டியதைவிட ஒரு ஆள் அகலம் கூடுதலாக விலகி.

"பிடிச்சு உக்காரு," என்றான் அண்ணன். அவன் பின்னால் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

வளைவு முடிந்த இடத்தில் குதிரை மறுபடி நின்றது. அப்பா ஏறிக்கொள்ளும் இடம் அது.

அண்ணன் கடிவாளத்தை உதறவில்லை. மடியில் போட்டுக்கொண்டான்.

அவள் கால்களை மடக்கி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.