தனலெட்சுமி மேல் காய்ந்த துணிகள்

ஜப்பான்காரர்கள் ஆண்ட மூன்றாம் வருட அடைமழையில், லாயாங் லாயாங் ரயிலடிக்கு அடுத்த ரப்பர்த் தோட்டத்தில், துணி காய்ந்தது தனலெட்சுமியின் மேல் மட்டும்தான். ஈரத்துணியைத் தோளில் போட்டால் ஆவி கிளம்பும். ஒரு வாய் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் மொடமொடப்பாகிவிடும். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள்.

"எங்க ஆளு வேட்டியையும் போடட்டா, தனம்?" என்பாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள்.

"போடு. உள்ள ஆளு இல்லாம பாத்துக்க."

அரிசி இல்லாமல் இரண்டு வருடமாக மரவள்ளிக்கிழங்கையே தின்றதில், லயத்தில் தனலெட்சுமி உட்படப் பலருக்குக் கழுத்து வீங்கியிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனலெட்சுமியின் கணவன் அய்யாவு ஜப்பான் ராணுவச் சமையற்கட்டில் விறகு பிளந்தான். அங்கிருந்த சமையல்காரன் காய்ந்த கடல்பாசியைக் கட்டாகக் கொடுப்பான். உப்புக்கே வழியில்லாத காலம்; கிழங்கோடு அதை வேகவைத்தால் தனலெட்சுமி ஆசையாகத் தின்பாள். அய்யாவு தன் பங்கையும் அவள் தட்டிலேயே வைத்தான்.

அதன்பிறகுதான் சூடு ஏறியது. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் அவள் வளையல் முழங்கைவரை ஏறியது. விரல்கள் நடுங்கின. கண் கொட்டாமல் விழித்தாள், தூங்கவில்லை, கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினாள். நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் பலகைச் சுவரைத் தாண்டிக் கேட்டது. பேச்சியம்மாளின் கைக்குழந்தை அதைக் கேட்டால்தான் தூங்கும். உடம்புச் சூட்டுக்குக் கடல்பாசி குளிர்ச்சி என்று அய்யாவுக்குத் தெரியும். அவன் வீட்டில் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். சமையல்காரனைக் கும்பிட்டு இன்னும் கேட்டு வாங்கினான். வெந்த தண்ணீரைக்கூடக் கொட்டாமல் அவளைக் குடிக்க வைத்தான். சூடு கூடியது.

தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரெசர் ராஜசேகரன் குளுவாங் டவுனிலிருந்து ஒருநாள் வந்தார். கழுத்தைத் தொட்டார், நாடி பார்த்தார், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அய்யாவு கொஞ்சம் பெருமையாகவே கட்டை எடுத்துவந்து காட்டினான்.

"குளிர்ச்சிக்குங்கய்யா. நான்தான் குடுக்கிறேன்."

டிரெசர் ஒரு இழையைப் பிய்த்து முகர்ந்தார். "இதுல அயோடின் இருக்கு, அய்யாவு. கிழங்கு தின்னு வீங்கின சுரப்பி அதுக்குத்தான் ஏங்கிக் கெடந்துச்சு. நீ அள்ளி அள்ளிக் கொட்டியிருக்க. இப்ப அது நிக்கத் தெரியாம ஓடுது. இத்தோட நிறுத்து. படுக்க வையி. அறுத்துப் பாதியை எடுக்கணும், ஆனா ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில நம்மள யாரு உள்ள விடுவா?"

அய்யாவு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "என் கையாலயே..." என்றான்.

தனலெட்சுமி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "நீங்க பட்டினி கெடந்துல்ல குடுத்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, விடுங்க."

பாசியை நிறுத்தினார்கள். ஏறின சூடு இறங்கவில்லை. மழை ஓயாத ஒரு மத்தியானம் காய்ச்சல் அடித்தது. அய்யாவு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். ஒரு சொட்டும் தரைக்கு வரவில்லை; வீடு முழுக்க ஆவி. அந்த ஆவிக்குள் அவளைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நெஞ்சுச் சத்தம் வேகமாகி, ஒன்றோடொன்று ஒட்டி, நின்றது. பக்கத்து வீட்டில் குழந்தை விழித்து அழுதது.

கித்தா மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள். ஜப்பான்காரர்கள் போனார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், அரிசி வந்தது. அய்யாவு மறுமணம் செய்யவில்லை, கடல்பாசியை வாயில் வைக்கவில்லை. அடுத்த அடைமழையில், தோட்டமெங்கும் சேறாக இருக்க, அவளைப் புதைத்த இடம் மட்டும் காய்ந்து வெதுவெதுப்பாகக் கிடந்தது. பேச்சியம்மாள் வாளியோடு அவன் வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை இருந்தது.

"கேக்கவே வாய் வரல, அண்ணே. புள்ளைக்கு மாத்துத் துணியில்ல."

அய்யாவு வாளியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். ஒவ்வொன்றாக உதறி, அவள் தோள் இருக்கும் பக்கமாகப் பார்த்து விரித்தான்.

"போடும்மா," என்றான். "அவளால சும்மா படுத்திருக்க முடியாது."