பாதிப் பை

கண் விழித்தபோது வுத்தி ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தான். ரத்தம் எடுத்த ஊசி கழன்ற இடத்தில் நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பையப் பாக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"ரொம்பிடுச்சா?"

"பாதிதான். பாதிப் பை எதுக்கும் ஆகாது."

பட்டம்பாங் சந்தையில் இருபது வருஷமாகப் பன்றி அறுக்கிறவன் அவன். சூடான ரத்தத்தை வாளியில் பிடித்து, உறைந்ததும் துண்டு போட்டுக் கஞ்சிக் கடைகளுக்குக் கொடுக்கிறவன். ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. இன்று குழாயில் இறங்கியது அவனுடையது. உள்ளே பிரசவ அறையில், பிள்ளை பெற்ற பிறகும் நிற்காமல் போய்க்கொண்டிருப்பது அவன் பெண்டாட்டி மாலிஸுடையது. அந்த நினைப்பு வந்ததுமே காது அடைத்தது. எழுந்து ஓடப் பார்த்தான், விழுந்தான். சீ, பெண்டாட்டிக்கு ஒரு பை ரத்தம் கொடுக்க வக்கில்லாமல் போயிற்றே!

"இன்னொரு கையில எடுங்கம்மா."

"எடுத்தா உங்களையும் உள்ள படுக்கப் போடணும். அதே குரூப்ல வேற யாரு இருக்கா?"

சுவரோரம் பச்சைக் குழந்தையோடு உட்கார்ந்திருந்த நாரி நிமிர்ந்தாள். மாலிஸின் தங்கை. ரத்தத்தைக் கண்டாலே வாந்தி எடுப்பவள். அவள் கடைப்பக்கம் வந்தால் போதும், வுத்தி வாளியை முகத்துக்கு நேரே நீட்டி, "ஒரு வாய் குடிக்கிறியா கொழுந்தியா?" என்பான். சந்தையே சிரிக்கும். ஒரு தடவை மயங்கிப் படியில் விழுந்தாள். தையல் போட்ட தழும்பு நெற்றியில் இன்னும் இருக்கிறது.

"எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரூப்தான்" என்றாள் நாரி.

குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அவன் கழுத்தில் கிடந்த கட்டம்போட்ட துண்டை உருவிக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு, தடவித் தடவிக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். துண்டில் பன்றிவாடை அடித்திருக்கும். அவள் கையை நீட்டினாள்.

ஊசி ஏறியது. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை, தரையில் உட்கார்ந்திருந்த அவன் முகத்துக்கு நேராக இருந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

"மாமா."

"என்ன புள்ள?"

"எவ்வளவு ஆச்சுன்னு பாத்துச் சொல்லிட்டே இருங்க. இல்லேன்னா பயத்துல எழுந்து ஓடிருவேன்."

வுத்தி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்லத் தலையைத் திருப்பினான்.

"ஒரு விரலளவு."

உள்ளே யாரோ அவசரமாக ஓடும் சத்தம் கேட்டது.

"இப்ப?" என்றாள் நாரி.